முலாம் காசும் மாமாவின் வெல்வெட் பெட்டியும்



மலருக்குக் கட்டுரை கேட்டபோது ‘இளைஞர் சக்தி’ பற்றி எழுதலாமா என்று முதலில் யோசித்தேன். அது ஒவ்வொரு ஆண்டு மலரிலும் தவறாமல் வருகிறது. நாமும் தவறாமல் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்து ஜோக்கைத் தேடுகிறோம். எனவே காசு பற்றி எழுதுகிறேன். கேன்டீனில் கடன் சொல்லும் காசு இல்லை. பெட்டியில் பூட்டி வைக்கும் காசு. தங்க முலாம் பூசி, ‘சரித்திரப் புகழ் பெற்ற நினைவு நாணயங்கள்’ என்று செட்டாக விற்கிறார்களே, அந்தக் காசு.

நம் சங்கக் கூட்டத்தில் இந்த ஆண்டு விழா விருந்தினர்களுக்குச் சந்தன மாலைக்குப் பதில் இந்தக் காசு நகல் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்தில் வைத்துக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். “பார்வைக்கு ரிச்சா இருக்கும், ரேட்டும் கம்மி” என்றார்கள். நான் எழுந்து, “வேணாம், குடுத்தா நகல்னு அதுலயே அடிச்சுக் குடுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை அன்று ஐந்து நிமிடத்தில் விளக்க முடியவில்லை. இங்கே விளக்குகிறேன்.

கொசப்பாளையத்தில் என் தாய்மாமா தறி வைத்திருக்கிறார். சொந்தத் தறி, ஆனால் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பது, கூலி நெசவு. இரண்டு வருடத்துக்கு முன் அட்சய திருதியை சமயத்தில் ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டியோடு வந்தார். பன்னிரண்டு குழி, பன்னிரண்டு காசு, எல்லாம் பளபளவென்று பொன். விலை பதினெட்டாயிரம், ஆறு தவணை. “தங்கம் வாங்க நம்மால ஆவாது மாப்ளே. இது தங்கமும் ஆச்சு, பழங்காசும் ஆச்சு. பொண்ணு கல்யாணத்துக்குள்ள டபுள் ஆயிடும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. அதான் வாங்கினு வந்தேன்.” விற்றவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. பெட்டியோடு ஒரு ‘சான்றிதழ்’ இருந்தது. அதில் ‘24 காரட்’ என்று பெரிய எழுத்தும், ‘முலாம்’ என்று எறும்பு எழுத்தும்.

போன வருடம் கல்யாணப் பேச்சு வந்தது. மாமா பெட்டியை நகைக்கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் ஒரு காசை உரைகல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, “பித்தளை எல்லாம் நாங்க எடுக்கறதில்லைங்க” என்று பெட்டியை மூடித் தந்துவிட்டார். அத்தை அன்று மாமாவிடம் பேசவில்லை. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. மாமா என்னிடம் கேட்டார்: “நீ டெக்னிக்கல் படிக்கறியே, நான் வாங்கும்போது உனுக்கு ஒண்ணும் தோணலையாடா?”

தோணவில்லை. பார்த்தவுடன் “சூப்பர் மாமா” என்றுதான் சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பெட்டியை லேபுக்குக் கொண்டுவந்தேன். நம் வெர்னியரும் இயற்பியல் லேப் தராசும் போதும், நண்பர்களே! எக்ஸ்ரே மெஷின் எல்லாம் வேண்டாம்.

முதல் குழியில் விக்டோரியா ராணி தலை போட்ட சவரன். நிஜ பிரிட்டிஷ் சவரன் 22 காரட், 7.98 கிராம், குறுக்களவு 22.05 மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம். பெட்டிக் காசு அளவில் அப்படியே அச்சு; டை வெட்டியவர் கெட்டிக்காரர். ஆனால் எடை நான்கு கிராமைத் தொடவில்லை. தங்கத்தின் அடர்த்தி 19.3, பித்தளைக்கு எட்டரை சொச்சம். அதே அளவு, பாதிக்கும் குறைந்த எடை என்றால் உள்ளே இருப்பது என்ன என்று ஆர்க்கிமிடீஸ் வந்து சொல்ல வேண்டியதில்லை. பை இருமடங்கு ஆர் ஸ்கொயர், விளிம்பையும் சேர்த்தால் அந்தக் காசின் பரப்பு சுமார் 8.7 சதுர சென்டிமீட்டர். அலங்காரப் பொருளுக்குப் பூசும் மெல்லிய முலாம் 0.1 மைக்ரான் என்று வையுங்கள். தங்கத்தின் எடை 1.7 மில்லிகிராம் வருகிறது. கிராம் பத்தாயிரம் என்று கணக்குக்கு வைத்தால் பதினேழு ரூபாய்! ஃபாரடே விதியையும் போட்டுப் பார்த்தேன். சயனைடு தொட்டியில் 0.1 ஆம்பியர் மின்சாரம் எட்டு விநாடி ஓடினால் அந்தத் தங்கம் படிந்துவிடும். பெரிய காசுகளுக்குக் கொஞ்சம் கூட ஆகும். பன்னிரண்டையும் சேர்த்தாலும் ஐந்நூறு ரூபாய்த் தங்கம் தேறாது. மாமா பதினெட்டாயிரம் கட்ட எத்தனை சேலை இறக்கியிருப்பார் என்ற கணக்கை நான் போடவில்லை.

இன்னொரு வேடிக்கை. நேரு மறைந்த 1964-ல் அவர் உருவத்தோடு வந்த ஒரு ரூபாயும் ஐம்பது பைசாவும்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள். அசல் நிக்கல்; காந்தத்தில் ஒட்டும். 1969-ல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த பத்து ரூபாய் 15 கிராம், எண்பது சதம் வெள்ளி. 1995-ல் தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வந்த திருவள்ளுவர் ஐந்து ரூபாய் செம்பு நிக்கல் கலவை. ஆக, இவை எதுவுமே பிறக்கும்போது பொன்னிறம் இல்லை! வெள்ளையாகப் பிறந்த காசுக்கு மஞ்சள் பூசிவிட்டு ‘அசல் போலவே’ என்று அட்டையில் அச்சிடுவது எந்த ஊர் நியாயம்? வள்ளுவர் காசின் அசல் வேண்டுமென்றால் பாட்டியின் சுருக்குப் பையில் தேடிப் பாருங்கள், அகப்பட்டாலும் அகப்படும். பஸ்ஸில் கொடுத்தால் ஐந்து ரூபாய்க்குச் செல்லும்.

பெட்டியில் கடைசிக் குழிதான் விஷயமுள்ளது. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறு பக்கம் ஆங்கிலத்தில் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, அரை அணா, 1818’. இதே ரகத்தில் அனுமார் போட்டது, லட்சுமி போட்டது என்று பல உண்டு. 1616, 1717 என்றுகூட ஆண்டு போட்டு விற்கிறார்கள். 1616-ல் மதராஸ் பட்டணமே கிடையாது. கோட்டைக்கு நிலம் வாங்கியதே 1639-ல்! அந்தக் காலத்தில் கம்பெனி அடித்த ரூபாய் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நாம் தூரம் போக வேண்டாம். பஸ் ஏறினால் ஆற்காடு. 1742 முதல் கம்பெனி மதராஸில் அடித்தது ‘ஆற்காடு ரூபாய்’. அதில் மொகலாயச் சக்கரவர்த்தி பெயர், பாரசீக எழுத்து. கம்பெனி தன் பெயரைப் போடக்கூடத் துணியாத காலம் அது. நம் ஆரணிச் சண்டை நடந்த 1751-ல் கிளைவின் சிப்பாய் சம்பளத்துக்கு எண்ணியிருக்கக்கூடிய ரூபாயில் ஆங்கில எழுத்தே கிடையாது. ஆங்கிலத்தில் எழுதி, வில்லியம் மன்னர் தலை போட்டு, நாடு முழுக்க ஒரே மாதிரி ரூபாய் வந்தது 1835-ல்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கம்பெனி சாமி படம் போட்டுக் காசே அடிக்கவில்லை என்று சிலர் ஒரேயடியாகச் சொல்வார்கள். அது தவறு. மதராஸில் அடித்த ‘மூன்று சாமி வராகன்’ என்ற தங்கக் காசில் பெருமாளும் இரு தேவியரும் உண்டு. நட்சத்திர வராகனிலும் ஒரு பக்கம் பெருமாள். ஊரார் நம்பிக் கையில் வாங்க வேண்டும் என்று வியாபாரி செய்த தந்திரம். ஆனால் அது மூன்று கிராம் சொச்சம் எடையுள்ள, சுண்டுவிரல் நகமளவு தங்கம். 1818-ல் நிஜமாக நடந்தது என்ன தெரியுமா? அந்த வராகனைக் கைவிட்டு வெள்ளி ரூபாயை மதராஸ் மாகாணத்தின் அடிப்படைப் பணமாக்கினார்கள். கால் பங்கு உண்மையைக் காலடியில் வைத்துத்தான் முக்கால் பங்கு பொய் நிற்கிறது. மாமா மாதிரி ஆட்கள் ஏமாறுவது முட்டாள்தனத்தால் அல்ல.

பொய் அதோடு நின்றால் பரவாயில்லை. இதே ராமர், அனுமார் காசைத்தான் ‘அரிசி இழுக்கும் காசு’ என்று சொல்லி லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். ரைஸ் புல்லிங், இரிடியம் என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறோமே, அதுதான். அரிசியில் இரும்புத் துகளை ஏற்றிவிட்டு, காசுக்குப் பின்னால் காந்தம் மறைத்தால் எந்தக் காசும் அரிசியை இழுக்கும். முதலாமாண்டு பையன்கூடச் செய்து காட்டுவான். பழைய ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதன் ஒன்றுவிட்ட தம்பிதான். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி, பழைய நாணயம் விற்கக் கமிஷன் கட்டு, வரி கட்டு என்று கேட்கிறார்கள். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவிப்பு வெளியிட வேண்டி வந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘ஓகோ, முலாம் காசே மோசடி, தடை செய்’ என்கிறான் இவன் என்று நினைக்காதீர்கள். ஹாஸ்டலில் இதைப் பற்றி விவாதம் வந்தபோது ஒரு நண்பன் கேட்டான்: “அப்ப சிதம்பரம் கவரிங் போட்டா தப்பாடா? எங்கம்மா முப்பது வருஷமா அதுதான் போடறாங்க.” சரியான கேள்வி. தப்பே இல்லை. ‘கவரிங்’ என்று பெயரிலேயே சொல்லிவிட்டுத்தானே விற்கிறார்கள்! அதை வாங்கும் பெண் ஏமாறவில்லை. தன் பணத்துக்குத் தக்க அழகை வாங்குகிறாள்.

அதைவிடப் பெரிய உதாரணம் நம் ஊர்த் தறியிலேயே இருக்கிறது. ஜரிகை என்பது என்ன? பட்டு நூல் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதன் மேல் தங்க முலாம். ஜரிகையின் எடையில் தங்கம் நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட எட்டாது. அப்படிப் பார்த்தால் ஆரணியே முலாம் பூசிப் பிழைக்கும் ஊர்! ஆனால் எந்த ஜரிகையில் வெள்ளி, எதில் செம்பு, எது வெறும் பிளாஸ்டிக் படலம் என்று நெசவாளிக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். நூலை எரித்தால் தெரியும், கல்லில் தேய்த்தால் தெரியும். கேட்டால் சொல்லியாக வேண்டும். செம்பு ஜரிகையை வெள்ளி ஜரிகை என்று விற்றால் மாமாவே சண்டைக்குப் போவார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருப்பதும் வேறு ஊர்ச் சரக்கை நம் பெயரில் தள்ளிவிடக் கூடாது என்றுதான். சேலைக்கு இத்தனை கண்டிப்பு காட்டும் மனிதர் காசுப் பெட்டியில் ஏமாந்தார் என்றால், அங்கே கேட்க வேண்டிய கேள்வி என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

காசைப் பார்த்துக் காசு செய்து அணிவது நமக்குப் பழக்கமும்கூட. ரோமானியர் காசு கரூர்ப் பக்கம் அமராவதி ஆற்று மணலில் இன்றும் கிடைக்கிறது. அதே ரோமக் காசைப் பார்த்துக் களிமண்ணில் அச்செடுத்து, ஓட்டை போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டவர்கள் தக்காணத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இருந்தார்கள். நம் பாட்டிமார் காசுமாலை எதன் சாயல்? தங்கத்தை ‘சவரன்’ என்று நாம் அளப்பதே அந்த இங்கிலீஷ் காசின் பெயரால்தான். எட்டு கிராம் கணக்கும் அதிலிருந்து வந்ததே. முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-ல், பம்பாயில் சவரனையே அடித்தார்கள், இந்தியாவைக் குறிக்க ‘ஐ’ என்ற எழுத்துப் பொறித்து. அந்த ஒற்றை எழுத்தை வைத்துத்தான் சேகரிப்பாளர் இன்றும் அடையாளம் காண்கிறார்கள்.

ஒற்றை எழுத்து என்றதும் இன்னொன்று. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் ரெடி என்றொருவர் இருந்தார். அரிய கிரேக்க, ரோமக் காசுகளுக்கு மின்முலாம் முறையில் நகல் எடுத்துக் கொடுப்பார். நாம் கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் செய்யும் அதே செம்புப் படிவுதான், இன்னும் தடிமனாக, அச்சுக்குள். அசலைத் தொட வாய்ப்பே இல்லாத மாணவர்கள் அந்த நகலைப் பார்த்துப் படித்தார்கள். அவர் செய்த நல்ல காரியம், காசின் விளிம்பில் ‘ஆர் ஆர்’ என்று தன் எழுத்தை அடித்தது. முகத்தின் அழகு கெடவில்லை. புரட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். அமெரிக்காவில் 1973-ல் சட்டமே போட்டார்கள். பழங்காசு நகல் செய்தால் அதிலேயே ‘காப்பி’ என்று பள்ளமாகப் பொறிக்க வேண்டும். பெட்டியில், அட்டையில் போட்டால் போதாது, காசின் உடம்பிலேயே இருக்க வேண்டும். பெட்டி தொலைந்துவிடும் இல்லையா?

நம் நாட்டில் 2011-ம் ஆண்டு நாணயச் சட்டம் இருக்கிறது. அரசு தவிர வேறு யாரும் பணமாகப் புழங்க உலோகத் துண்டு அடிக்கக் கூடாது, புழங்கும் நாணயத்தை உருக்கவோ அழிக்கவோ கூடாது என்கிறது. நல்லது. ஆனால் மாமாவின் பெட்டிக் காசைப் பணமாக யாரும் கடையில் நீட்டப்போவதில்லையே! ஹால்மார்க் முத்திரையும் முலாம் பூசிய பொருளுக்குக் கிடையாது. ‘நகல்’ என்று உடம்பில் பொறி என்று கட்டாயப்படுத்தும் சட்டம் நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

ஏமாற்றம் பணத்தோடு மட்டும் போவதில்லை என்பதாலும் இதைச் சொல்கிறேன். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமி எழுத்துள்ள ஒரு பாண்டியர் காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தினார். சங்கப் பாடலில் வரும் பெயர் ஒரு சின்னக் காசில் எழுந்து நின்றது. நாளைக்கு அதற்கும் ஆயிரம் நகல் அடித்து, அழுக்கேற்றி ஆற்று மணலில் போட்டுவிட்டால், அடுத்த நிஜக் காசு கிடைக்கும்போது யார் நம்புவார்கள்?

அழுக்கேற்றுவது பற்றி எனக்கு எப்படித் தெரியும்? இதுதான் எழுதக் கொஞ்சம் கூசுகிற பகுதி. இன்-பிளான்ட் டிரெய்னிங்குக்கு நான் போனது ஒரு முலாம் பட்டறை. ஊரும் பெயரும் வேண்டாம். பித்தளையைக் கழுவி, ஆசிட்டில் முக்கி, மேலே நிக்கல் ஒரு பூச்சு, அதன் மேல் தங்கம். இதை நன்றாகக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் ஒரு பார்ட்டி இருநூறு காசு கொண்டுவந்தார். பாதிக்குத் தங்கம் பூச வேண்டும். மீதியைப் ‘பழசாக்க’ வேண்டும். கந்தகக் கலவையில் முக்கிக் கருக்கி, மேட்டில் மட்டும் துணியால் தேய்த்து எடுக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் ரசித்துச் செய்தேன், நண்பர்களே! “நல்ல கைடா உனக்கு” என்று பாராட்டியபோது பெருமையாகக்கூட இருந்தது. இது எங்கே போகும், யார் கையில் என்ன பெயரில் விற்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. லேப் ரெக்கார்டில் ‘மேற்பரப்பு நேர்த்தி’ என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

நாளை நம்மில் பலர் டூல் ரூமுக்கும் பிளேட்டிங் ஷாப்புக்கும் போகப்போகிறோம். டை வெட்டப்போவது நாம்தான். “விளிம்பில் எழுத்து வேணாம், சும்மா விடு” என்று சொல்லப்போகிற பார்ட்டியும் நம்மிடம்தான் வரப்போகிறார்.

சேகரிக்க ஆசை உள்ளவர்கள் சேகரியுங்கள். அரசு நாணயச் சாலைகள் நினைவு நாணயங்களை முன்பதிவில் நேரடியாக விற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010 என்று ஆண்டு பொறித்து வந்த ஆயிரம் ரூபாய், புதிய நாடாளுமன்றத்துக்கு 2023-ல் வந்த எழுபத்தைந்து ரூபாய் போன்றவை. முன்னதில் எண்பது சதம் வெள்ளி, பின்னதில் பாதி. முக மதிப்பைவிட விலை கூடத்தான். அதைக்கூட லாபத்துக்காக வாங்காதீர்கள், பிடித்திருந்தால் வாங்குங்கள். அதற்கும் வசதியில்லையா, புழங்கும் சில்லறையில் ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். புள்ளி இருந்தால் நொய்டா, வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. எனக்கு இந்த ஆசை பிடித்தது அப்படித்தான். கேன்டீன் பாக்கிச் சில்லறையில்.

விழாப் பரிசு விஷயத்துக்கு வருகிறேன். விக்டோரியா தலையும் வேண்டாம், ராமர் காசும் வேண்டாம். நம் பாலிடெக்னிக் ஆண்டைப் போட்டு, ஒரு பக்கம் தறி, ஒரு பக்கம் பல்சக்கரம் என்று நாமே ஒரு வில்லை அடிக்கலாம். தங்க முலாம் தாராளமாகப் பூசுங்கள்! விளிம்பில் மட்டும் ‘பித்தளை மேல் முலாம்’ என்று இருக்கட்டும். டை செய்ய மெக்கானிக்கல் இறுதியாண்டில் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆனால் பொதுச் செயலாளர் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாமாவின் பெட்டியை போன மாதம் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். தமிழ் எழுத்துப் பஞ்ச் நம்மிடம் இல்லை. ஒரு மில்லிமீட்டர் இங்கிலீஷ் செட்டில் ‘சி’ எழுத்தை எடுத்து, காசை வைஸில் மெதுவாகப் பிடித்து, விளிம்பில் ஒவ்வொன்றாக அடித்தேன். மாமாதான் அடிக்கச் சொன்னார். “என் காலத்துக்கப்புறம் இந்தப் பெட்டி யார் கைக்குப் போவுமோ. அவங்களாவது தெரிஞ்சிக்கட்டும்.” பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவது குழி காலி. கேட்டதற்கு, ராமர் காசைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டதாகச் சொன்னார் அத்தை. இப்போது அதற்கு விளக்கேற்றுகிறாராம்.

“அது பித்தளைதான், 1818-ம் கிடையாது அத்தை” என்றேன்.

“எனக்குத் தெரியும்டா, போ” என்றார்.

– இறுதியாண்டு, மெக்கானிக்கல்